மிஸ் கின்னியனின் வகுப்பு

டானியல் கீஸ் எழுதிய 'அல்ஜெர்னானுக்கு மலர்கள்' என்ற கதையைப் படித்துக் கண் கலங்காதவர்கள் குறைவு. 1959-ஆம் வருஷம் ஒரு விஞ்ஞானக் கதைப் பத்திரிகையில் அது சிறுகதையாக வெளிவந்தது. 1966-இல் ஆசிரியர் அதையே நாவலாக விரித்து எழுதினார். 1968-இல் சினிமாவாகவும் வந்து, சார்லி வேஷம் போட்ட கிளிஃப் ராபர்ட்ஸனுக்கு ஆஸ்கார் பரிசு வாங்கிக் கொடுத்தது. மூன்று உருவத்திலும் ஜனங்களை அழவைத்துவிட்ட ஒரு கதையைக் குறை சொல்லப் புகுவது சற்றுச் சங்கடமான காரியந்தான். ஆனாலும் மந்தமாகப் படிக்கிற பிள்ளைகளைப் பற்றி இலக்கியத்தின் வழியாக எதையாவது தெரிந்துகொண்டிருப்பவர்களில் பலர் இந்தக் கதையின் வழியாகத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அது நமக்கு எதைச் சொல்லித் தருகிறது, எதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது என்று பார்ப்பதில் தவறில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாவலில் சார்லி கார்டனுக்கு வயது 32. நியூயார்க்கில் ஒரு ரொட்டிக் கடையில் தரையைப் பெருக்கி, எடுபிடி வேலை செய்து பிழைக்கிறான். மனோதத்துவக்காரர்கள் நுண்ணறிவு ஈவு என்று ஓர் எண் சொல்கிறார்களே, அது அவனுக்கு 68. சராசரி மனிதனுக்கு 100. சாயங்காலங்களில் பெரியவர்களுக்கான தனி வகுப்புக்குப் போய், மிஸ் கின்னியன் என்ற உபாத்தியாயினியிடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறான். அவனுடைய ஆவலைப் பார்த்து அவளே அவனை இரண்டு விஞ்ஞானிகளிடம் சிபாரிசு செய்கிறாள். அந்த விஞ்ஞானிகள் அல்ஜெர்னான் என்ற வெள்ளைச் சுண்டெலிக்கு மூளையில் ஆபரேஷன் செய்து அதை அபார புத்திசாலியாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். அதே ஆபரேஷனைச் சார்லிக்கும் செய்கிறார்கள். சில மாதங்களுக்குள் அவன் தன்னைச் சோதித்தவர்களையே தாண்டிப் போய்விடுகிறான். பிறகு எலிக்குப் புத்தி மழுங்குகிறது, எலி சாகிறது. தனக்கும் அந்தக் கதிதான் என்பதைத் தன் மேதையைக் கொண்டே கண்டுபிடித்து நிரூபித்துவிட்டு, சார்லி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிப் பழைய சார்லியாகிறான். மார்ச்சில் ஆரம்பித்து நவம்பரில் முடிகிற இந்தக் கதை முழுவதும் அவன் தன் கையால் எழுதி வைக்கிற குறிப்புகளாகவே நடக்கிறது.

இந்த உத்தியில்தான் கீஸின் வெற்றி இருக்கிறது. முதல் குறிப்புகளில் வார்த்தைக்கு வார்த்தை எழுத்துப் பிழை. தமிழில் செய்கிறவர் 'ர'வுக்கு 'ற'வும் 'ல'வுக்கு 'ள'வும் போட்டு ஒருவாறு ஒப்பேற்றலாம். ஆனால் பிழைகளைத் தூவிவிட்டால் மந்த புத்தி வந்துவிடும் என்று கீஸ் நினைக்கவில்லை. மிஸ் கின்னியன் சார்லிக்குக் காற்புள்ளியைச் சொல்லிக் கொடுக்கிற இடத்தைப் பாருங்கள். கற்றுக்கொண்ட அன்றைக்கு, கண்ட இடத்திலெல்லாம், இரண்டு வார்த்தைக்கு ஒன்றாக, காற்புள்ளியைப் போட்டுத் தள்ளுகிறான். அடுத்த நாள் மற்றக் குறிகளையும் தெரிந்துகொண்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறான். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்களுக்கு இது வெறும் வேடிக்கை இல்லை என்று தெரியும். ஒரு விதியைப் பிடித்துக்கொண்டவன் அதை முதலில் எல்லா இடத்திலும் வைத்துப் பார்ப்பான். எங்கே வைக்கக் கூடாது என்பது அப்புறந்தான் வரும். நம் வீட்டுக் குழந்தைகளும் இப்படித்தான் பேசக் கற்றுக்கொண்டார்கள். இந்த ஒரு பக்கத்தை வகுப்பறையில் நின்று பார்த்தவன்தான் எழுதியிருக்க முடியும். கீஸ் அப்படி நின்றவர்தான். நியூயார்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தில், பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த வகுப்புக்கு அவர் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்திருக்கிறார்.

அந்த வகுப்பில்தான் கதையின் விதை விழுந்தது. 1957-இல் ஒரு பையன் அவரிடம் வந்து, தான் கஷ்டப்பட்டுப் படித்துப் புத்திசாலியாகிவிட்டால் தன்னைச் சாதாரண வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டானாம். தன்னை எங்கே உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் என்பதை அந்தப் பையன் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்னொரு பையனையும் கீஸ் நினைவு வைத்திருந்தார். நன்றாக முன்னேறி வந்தவன் அவன். வழக்கமான பாடங்களிலிருந்து அவனை விலக்கிவிட்டார்கள். திரும்பி வந்தபோது கற்றதெல்லாம் போயிருந்தது. அவனால் படிக்கவே முடியவில்லை. மனசை உடைத்துவிட்டது என்று கீஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

முதல் பையன் சார்லியின் ஏற்றமாக ஆனான். இரண்டாவது பையன் சார்லியின் வீழ்ச்சியாக ஆனான். இதில் கதாசிரியர் செய்த மாறுதலைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இரண்டாவது பையன் ஏன் விழுந்தான்? பாடம் நின்றது, விழுந்தான். சார்லி ஏன் விழுகிறான்? ஆபரேஷனின் பலன் நிலைக்காது என்று இயற்கையில் ஒரு விதி இருக்கிறது, அதனால் விழுகிறான். எவ்வளவு வேகமாக ஏறினானோ அவ்வளவு வேகமாக இறங்குவான் என்று அதற்குக் கணக்கே போட்டுக் காட்டுகிறார் ஆசிரியர். பள்ளிக்கூட நிர்வாகம் சம்பந்தப்பட்ட ஒரு சின்ன அநியாயம் கதையில் விதியாகிவிட்டது. விதி என்றால் யாரும் பொறுப்பில்லை. அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடலாம். நிஜத்தில் நடந்ததற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

கதைக்கு விதிதான் பலம் கொடுக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. கதையை வாங்க வந்த ஒரு பத்திரிகாசிரியர், சார்லி புத்திசாலியாகவே இருந்து அவளைக் கல்யாணம் செய்துகொண்டு சௌக்கியமாக வாழ்வதாக முடிவை மாற்றச் சொன்னாராம். கீஸ் மறுத்துவிட்டு வேறு பத்திரிகையைத் தேடிக்கொண்டார். நல்ல காரியம் செய்தார். ஆனால் சந்தோஷ முடிவு, சோக முடிவு இரண்டிலும் சார்லியின் கதியை ஆபரேஷன்தான் தீர்மானிக்கிறது. மிஸ் கின்னியன் பல நாள் மெனக்கெட்டுச் சொல்லிக் கொடுத்தது இரண்டிலும் கணக்கில் வரவில்லை.

அறிவு வளர்ந்த சார்லியைக் காட்டுகிற நடுப்பகுதிதான் நாவலில் நீளம். எனக்கு அதில் அவ்வளவு ஸ்வாரஸ்யமில்லை. மேதைகளைப் பற்றி நாவல்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. காதல் அத்தியாயங்களும் கொஞ்சம் இழுக்கின்றன. ஒரு சாப்பாட்டுக் கடையில் நடக்கிற சம்பவம் மட்டும் அசாத்தியமானது. தட்டுகளைக் கழுவி எடுத்துவரும் பையன் அவற்றைக் கீழே போட்டு உடைக்கிறான். எல்லோரும் கேலி செய்து சிரிக்கிறார்கள். அவன் சற்று மந்தமானவன் என்று தெரிகிறது. விஷயம் புரியாமல் அவனும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கப் பார்க்கிறான். சார்லியும் சிரித்துவிடுகிறான், சிரித்த பிறகுதான், சிரித்தது தன்னைப் பார்த்து என்று அவனுக்கு உறைக்கிறது. இந்த ஒரு பக்கத்துக்காக அந்த நடுப்பகுதி முழுவதையும் மன்னித்துவிடலாம்.

ஆபரேஷனுக்கு இவன்தான் சரியான ஆள் என்று ஸ்ட்ராஸ் என்ற டாக்டர் வாதாடுகிற ஓர் இடம் முன்பகுதியில் வருகிறது. இந்தத் தரத்து ஆட்கள் பெரும்பாலும் முரடாக, ஒத்துழைக்காதவர்களாக, எதிலும் பற்றில்லாதவர்களாக இருப்பார்கள். சார்லியோ நல்ல சுபாவம் உள்ளவன், பிறரைத் திருப்திப்படுத்தத் துடிக்கிறவன் என்கிறார். வாசகரும் தலையை ஆட்டுகிறார். ஆனால் பிறரைத் திருப்திப்படுத்தும் துடிப்பு என்பது நல்ல சுபாவந்தானா? யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸிக்லர் என்ற மனோதத்துவ அறிஞர் 1960-களில் இதை ஆராய்ந்தார். திரும்பத் திரும்பத் தோற்ற பிள்ளை, தன் யோசனையை நம்புவதை விட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து விடையைத் தேட ஆரம்பிக்கிறது என்று அவர் கண்டார். புதிரைப் பார்ப்பதைவிட வாத்தியாரின் புருவத்தைப் பார்ப்பது அதற்கு லாபமாக இருக்கிறது. மூளையில் உள்ள குறையைப் போலத் தோன்றுவதில் ஒரு பங்கு, தோல்வி கற்றுக் கொடுத்த தந்திரம். மைக்கறையைக் காட்டி இதில் என்ன தெரிகிறது என்று சோதனைக்காரர் கேட்கும்போது, சார்லி படுகிற பாடு இதுதான். மையைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை என்பதைவிட, அவர்கள் எதிர்பார்ப்பதைச் சொல்லத் தெரியவில்லையே என்பதுதான் அவனை வதைக்கிறது. கீஸ் இதைப் பார்த்திருக்கிறார், எழுதியிருக்கிறார். ஆனால் டாக்டர் சொல்வது அபத்தம் என்று நாவலில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நம் பள்ளிக்கூடங்களில் "புரிஞ்சுதா?" என்று ஒரு கேள்வி உண்டு. "புரிஞ்சுது சார்" என்று ஒரு பதிலும் உண்டு. நான் சொல்கிற பிள்ளை எல்லோருக்கும் முன்னால் அந்தப் பதிலைச் சொல்லிவிடும். வாத்தியாரைச் சந்தோஷப்படுத்த அதற்குத் தெரிந்த வழி அது. விஷயம் தெரிந்த உபாத்தியாயர் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார். "எங்கே, செஞ்சு காட்டு" என்பார். கேட்டுவிட்டுச் சற்று நேரம் வாயை மூடிக்கொண்டும் இருப்பார். விடை வருவதற்கு இந்தப் பிள்ளைக்கு மற்றவர்களைவிட ஐந்தாறு விநாடி அதிகம் வேண்டும். நாமோ ஒரு விநாடியில் அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுகிறோம்.

இந்தப் பிள்ளைகள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நுண்ணறிவு ஈவு சுமார் 50-லிருந்து 70 வரை உள்ளவர்களை, லேசான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள் என்று இப்போது சொல்கிறார்கள். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் வரை இந்த லேசான வகைதான் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. முகத்தைப் பார்த்தால் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வரையில் வீட்டாருக்கே பெரும்பாலும் தெரிவதில்லை. ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பாடம் வரை மெதுவாக எட்டிப் பிடித்து, பிறகு வேலை பார்த்து, கல்யாணம் செய்துகொண்டு வாழ்கிறவர்கள் இவர்களில் ஏராளம். 1970-இல் அமெரிக்க ஜனாதிபதி நியமித்த ஒரு குழு வெளியிட்ட அறிக்கைக்கு 'ஆறு மணி நேர மந்தப் பிள்ளை' என்ற கருத்தில் தலைப்பு வைத்தார்கள். பள்ளிக்கூடம் நடக்கிற ஆறு மணி நேரம் மட்டும் அவன் மந்தம். மணியடித்து வெளியே வந்தால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வான், கடைக்குப் போய்வருவான், தெருவில் அவனை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. ஏழைப் பிள்ளைகளையும் வேற்றுமொழிப் பிள்ளைகளையும் சோதனைத் தாளை வைத்து மந்தம் என்று தள்ளிவிடுகிற அநியாயத்தைக் குறித்து எழுந்த பேச்சு அது.

சோதனையை முதன்முதலில் செய்தவர் இப்படி ஆகவேண்டும் என்று நினைக்கவில்லை. பாரிஸில் ஆல்ஃபிரட் பினே என்பவர் 1905-இல் சிமோன் என்ற டாக்டருடன் சேர்ந்து அதைத் தயாரித்தபோது, யாருக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அறிவு பிறவியில் அளந்து கொடுத்த சரக்கு, கூட்ட முடியாது என்று பேசியவர்களை அவர் 1909-இல் எழுதிய புத்தகத்தில் கண்டித்தார். மந்தமான பிள்ளைகளுக்கென்று மனப் பயிற்சிகளும் வகுத்தார். சிலைபோல அசையாமல் நிற்கிற விளையாட்டு அவற்றில் ஒன்று. கவனத்தைக் கட்டிவைக்கப் பழக்குவதற்காக. 1911-இல் அவர் இறந்துபோனார். அந்தச் சோதனையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன காடார்ட் என்பவர், லேசான குறையுள்ளவர்களுக்குக் கிரேக்க மொழியிலிருந்து 'மோரன்' என்று ஒரு பெயரை 1910-இல் உண்டாக்கினார். அது இப்போது இங்கிலீஷில் வசைச்சொல். பெயர் வைத்தவர்கள் அடுத்தபடியாக விடுதி கட்டி அவர்களை ஊரைவிட்டு ஒதுக்கினார்கள். நாவலின் முடிவில் சார்லி போய்ச் சேருகிற வாரன் விடுதி அந்தப் பரம்பரையைச் சேர்ந்தது. குறையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடத்தில் இடம் உண்டு என்ற சட்டம் அமெரிக்காவில் 1975-இல்தான் வந்தது. கீஸ் எழுதிய காலத்தில் சார்லிக்கு வேறு கதி தோன்றாததில் ஆச்சரியமில்லை.

பெயரைப் பொறுத்தவரையில் நம் உபாத்தியாயர்கள் 'மெல்லக் கற்கும் மாணவர்கள்' என்று சொல்லிக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் கற்பார்கள் என்பது அடங்கியிருக்கிறது. வகுப்பில் அதை எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மெல்லக் கற்பவனுக்கு எப்படிக் கற்பிப்பது? நாவலாசிரியர்கள் இதை எழுதுவதில்லை. எழுதினால் ஸ்வாரஸ்யமாக இராது என்ற பயந்தான் காரணம் என்று நினைக்கிறேன். எனக்கோ ஆபரேஷனைவிட இதுதான் ஸ்வாரஸ்யமாகப் படுகிறது. "மேஜை மேலே இருக்கிற புஸ்தகத்தை எடு, பதினாலாம் பக்கத்தைத் திற, ரெண்டாவது கணக்கைப் போடு" என்று சொன்னால் நாம் ஒரு கட்டளை கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறோம். அது மூன்று கட்டளை. நடப்பு நினைவில் அவனுக்கு ஒன்றுதான் தங்கும். புத்தகத்தை எடுத்துக்கொண்டு நிற்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒவ்வொன்றாகச் சொன்னால் மூன்றையும் செய்வான். சட்டைப் பொத்தான் போடக் கற்பிக்கிறவர்கள் தலைகீழாக ஆரம்பிக்கும் ஒரு முறை உண்டு. பொத்தானைப் பிடித்துத் துளையில் பாதி நுழைத்து வைத்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விடுவார்கள். முடித்த சந்தோஷம் முதல் நாளே அதற்குக் கிடைத்துவிடுகிறது. மறுநாள் அதற்கு முந்தின படியையும் விட்டுக்கொடுப்பார்கள். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்து ஒருநாள் முழுப் பொத்தானும் அதனுடையதாகிவிடும். தோற்றுத் தோற்றுப் பழகிய பிள்ளைக்கு முடிவிலிருந்து தொடங்குவது எவ்வளவு பெரிய உபகாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

கரும்பலகையில் ஐம்பதிலிருந்து முப்பத்தேழைக் கழித்துவிடுகிற பையன் மளிகைக் கடையில் பாக்கிச் சில்லறையை எண்ணத் தெரியாமல் நிற்பான். வகுப்பில் கற்றது கடைக்குத் தானாக நடந்து வராது. கடையிலேயே போய்க் கற்பிக்க வேண்டும்: சாமான் பெயரைச் சொல்வது, முறை வரும்வரை நிற்பது, நோட்டைக் கொடுப்பது, கொடுத்தவுடன் நகர்ந்துவிடாமல் சில்லறைக்குக் காத்திருப்பது, எண்ணிப் பார்ப்பது. பிறகு வேறு கடையில், வேறு கடைக்காரரிடம், மறுபடியும். சரியாகச் செய்துவிட்டான் என்றவுடன் நிறுத்திவிடக் கூடாது. சரியாக வந்த பிறகும் பல நாள் செய்ய வேண்டும். அப்புறம் இடைவெளி விட்டு விட்டுச் செய்ய வேண்டும். விட்டால் போய்விடும். கீஸின் அந்த இரண்டாவது பையனுக்குப் போனது இப்படித்தான் போயிருக்கும். பதினாலு வயதுப் பையன் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிக்கிறான் என்பதற்காக அவன் கையில் பொம்மைப் புத்தகத்தைக் கொடுத்துவிடவும் கூடாது. மீசை அரும்புகிறவனுக்குப் பஸ் போர்டும் சினிமா விளம்பரமும் நல்ல பாடப் புத்தகங்கள்.

நம்முடைய கதைகள் இந்த விஷயத்தில் என்ன செய்திருக்கின்றன? மந்தனைக் கண்டால் நமக்கு இரண்டு வழி தெரியும். ஒன்று, வரம். காளி நாக்கில் எழுதினாள், மூடன் காளிதாசனானான் என்பார்கள். சார்லியின் ஆபரேஷனும் இதுதான். தெய்வத்துக்குப் பதில் சர்ஜன். இன்னொன்று, சிரிப்பு. வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் சீஷர்கள் ஆற்றைத் தாண்டிவிட்டுத் தங்களை எண்ணிப் பார்த்து, எண்ணுகிறவன் தன்னை எண்ணாமல், ஓர் ஆள் குறைகிறது என்று அழுவதைப் படித்து இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். சிரிக்க வேண்டிய கதைதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் அதைப் படித்துவிட்டு, வகுப்பில் யாருக்கு மட்டி, மடையன் என்று பெயர் வைத்தோம் என்பதும் நினைவிருக்கிறது.

மூன்றாவது வழியையும் ஒரே ஒரு பழைய கதை சொல்லியிருக்கிறது. நாம் அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய்விடுகிறோம். பஞ்சதந்திரத்தின் முகப்பைச் சொல்கிறேன். தென் தேசத்தில் மஹிலாரோப்யம் என்ற நகரம். அமரசக்தி என்ற அரசனுக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் படிப்பு ஏறாதவர்கள். வியாகரணம் மட்டுமே பன்னிரண்டு வருஷம் ஆகும் என்கிறார்கள் மந்திரிகள். விஷ்ணுசர்மா என்ற கிழப் பிராமணர் வந்து ஆறு மாசத்தில் நீதி சாஸ்திரத்தைக் கற்பித்துவிடுகிறேன் என்கிறார். வரம் வாங்கித் தருவதாகவோ மருந்து கொடுப்பதாகவோ அவர் சொல்லவில்லை. பாடத்தைக் கதையாக்கினார், காக்கையும் ஆமையும் சிங்கமுமாகக் கண்ணுக்குத் தெரிகிற உருவமாக்கினார், ஒரே நீதியைப் பல கதைகளில் திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளைகளை மாற்றப் பார்க்காமல் பாடத்தை மாற்றினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆறு மாசம் என்பது கொஞ்சம் அவசரம். அரசனிடம் பேசும்போது அப்படித்தான் சொல்ல வேண்டியிருந்ததோ என்னவோ.

இந்தக் காலத்து வரத்துக்கு இன்னொரு உதாரணம் 2007-இல் வந்த 'தாரே ஜமீன் பர்' என்ற ஹிந்திப் படம். நல்ல படந்தான், எழுத்துக்கள் கண்ணில் குழம்புகிற பிள்ளைகளைப் பற்றி எத்தனையோ பெற்றோருக்குக் கண் திறந்தது. அந்தப் பையனுக்கு அறிவுத்திறனில் குறை கிடையாது, அது வேறு கோளாறு.  எனக்கு உறுத்துவது, கடைசியில் அவன் சித்திரப் போட்டியில் பரிசு வாங்குகிறான் என்பது. பரிசு வாங்கியதும் கொட்டகையில் நமக்கு நிம்மதி. மந்தம் என்று நினைத்தோம், உள்ளே ஒரு ரத்தினம் இருந்திருக்கிறது! உள்ளே ரத்தினம் எதுவும் இல்லாமல், கணக்கும் வராமல் சித்திரமும் வராமல், சாதுவாக மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பையனுக்கு நம் மத்தியதர வர்க்கத்து மனசில் எந்த இடம்? அவனைப் பற்றி யாரும் இன்னும் படம் எடுக்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

மீண்டும் நாவலுக்கு வருகிறேன். கடைசிப் பக்கங்களில், எல்லாம் மறந்துபோன சார்லி ஒருநாள் பழைய வகுப்புக்கே போய், பின்னால் தன் பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறான். இப்போது தான் அந்த வகுப்பு மாணவன் இல்லை என்பது அவனுக்கு நினைவில்லை. மிஸ் கின்னியனிடம், பாடத்துக்குத் தயாராக வந்திருப்பதாகவும், ஆனால் புத்தகத்தைத் தொலைத்துவிட்டதாகவும் சொல்கிறான். அவள் அழுதுகொண்டே அறையைவிட்டு ஓடிவிடுகிறாள். படிக்கிறவர்கள் அழுவதும் இங்கேதான். கலை என்ற அளவில் இதற்கு மேல் செய்ய முடியாது. ஆனால் மறுமுறை படிக்கும்போது எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அவன் கேட்டது ரொம்பச் சாதாரணமான ஒரு விஷயம். பாடத்துக்கு வந்திருக்கிறான், புத்தகம் இல்லை. வேறு புத்தகம் ஒன்று அந்த அறையில் இருந்திருக்கும். அவனுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவள், மறுபடி சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவள், அந்த ஒருத்திதான். அவளைக் கதாசிரியர் அறையைவிட்டு வெளியே ஓட்டிவிட்டார். அவள் நின்று பாடத்தை ஆரம்பித்திருந்தால் விதி என்ற கட்டடமே ஆட்டம் கண்டிருக்கும். அவள் சார்லியைக் காதலித்தவள், அழாமல் என்ன செய்வாள் என்று கேட்கலாம். சரி. காதல் அத்தியாயங்கள் வேண்டியிருக்கவில்லை என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கீஸுக்குள் இருந்த வாத்தியார் மட்டும் கடைசிவரை தோற்கவில்லை. வாரன் விடுதிக்குக் கிளம்புவதற்கு முன் சார்லி எழுதுகிற கடைசிக் குறிப்பில் எல்லோருக்கும் நினைவிருப்பது, அல்ஜெர்னானின் சமாதியில் பூ வைக்கச் சொல்கிற வரி. புத்தகத்துக்குப் பெயரே அதுதான். அதற்குச் சற்று முன்னால் வேறொன்று எழுதியிருக்கிறான். இரண்டொரு புத்தகங்களைக் கையோடு எடுத்துப் போகிறானாம். படிக்க முடியாவிட்டாலும் விடாமல் பழகுவானாம். பழகினால் கற்றது எல்லாமே மறந்துபோகாமல் இருக்கலாம் என்கிறான். மேதையாக இருந்தபோது அவன் போட்ட கணக்குக்கு நேர் விரோதமான பேச்சு இது.

நாவலை முழுக்கப் படிக்க அவகாசமில்லாதவர்கள் 1959-இன் சிறுகதையைப் படித்தால் போதும். முக்கியமானவை எல்லாம் அதிலேயே இருக்கின்றன. உபாத்தியாயர்களாக இருப்பவர்கள் அந்த வகுப்பறைப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அன்று தாம் அங்கே இருந்திருந்தால் சார்லிக்கு முன்னால் எந்தப் பாடத்தை, எந்தப் பக்கத்தில் திறந்து வைத்திருப்போம் என்று யோசித்துப் பார்த்துவிட்டு மேலே படிக்கலாம்.